தலைகீழாக வந்து விழுந்த செடி

தம்பி,

ஒரு செடி வேர் மேலே, தலை கீழே என்று எத்தனை காலம் கிடந்து உயிரோடு இருக்கும்? இப்படி ஒரு கேள்வியை என் வாழ்நாளில் நான் யாரிடமும் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் வந்ததில்லை. இரண்டு கோடைகளுக்கு முன் பக்கத்து வளவில் அந்த மஞ்சள் டிகர் இயந்திரம் வந்து மண் தோண்டத் தொடங்கிய நாளிலிருந்து அது என்னை விடாமல் சுற்றுகிறது. நாங்கள் இருக்கிற ரோஸ்கில்லுக்கும் நீங்கள் இருக்கிற நகர மையத்துக்கும் நடுவே பஸ் ஓடுகிறது, போன் எந்நேரமும் உன் கையில் இருக்கிறது, பிறகு எதற்கு அப்பா கடிதம் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். சிரி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நீ படித்த தமிழ் முதல் பக்கத்தோடு களைத்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். மிச்சத்தை மருமகள் சுகன்யா வாசித்துக் காட்டட்டும். யாழ்ப்பாணத்தான் எழுதியதைக் கோயம்புத்தூர்க்காரி வாசிக்க ஆக்லாந்தில் பிறந்தவன் கேட்கப் போகிறான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடுவில் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவாய். அடுத்த மாதம் நீங்கள் இருவரும் தெற்கே ஹமில்டனில் வீடு பார்க்கப் போவதாக அறிந்தேன். அதற்கு முன் எங்கள் பின் வளவைப் பற்றி உன்னோடு கதைக்க வேண்டும். நேரே கதைத்தால் நீ "இட்ஸ் ஓகே, அப்பா" என்று சொல்லி முடித்துவிடுவாய், நானும் "சரி" என்று தலையாட்டிவிட்டு இரண்டு பயற்றங்காய்க் கட்டுகளை உன் கையில் தந்து அனுப்பிவிடுவேன். இத்தனை வருடமாக நாம் அப்படித்தான் கதைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் பின் வளவுக்குப் போக வேண்டுமானால் டிரைவ்வே ஓரமாகத்தான் போக வேண்டும். நான் சொல்ல வந்த செடி அங்கேதான் நிற்கிறது. அவசரப்படாமல் என்னோடு நடந்து வா.

பக்கத்து வீட்டை உடைத்தது உனக்கு நினைவிருக்கும். பழைய மர வீடு, முன்னால் ஒரு பூந்தோட்டம். இன்றைக்கு அங்கே டவுன்ஹவுஸ்கள் வரிசையாக நிற்கின்றன. டிகர் அன்றைக்கு ஒரு வாய் மண்ணை அள்ளித் திரும்பியபோது அதிலிருந்து ஒரு கொத்து வேலிக்கு மேலால் வந்து எங்கள் பக்கம் விழுந்தது. லெட்டர் பாக்ஸிலிருந்து கராஜ் வரை வேலியோரமாகச் சிவந்த எரிமலைக் கல் கொட்டிக் கிடக்கிறதே, ஸ்கோரியா, அதன்மேல். வேர் வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. அந்த டிகர் போட்ட சத்தத்தில் எனக்கு ஏற்கெனவே தலை கொதித்துக்கொண்டிருந்தது. எடுத்துத் திருப்பி அவர்கள் பக்கமே எறியப் போனேன். "வேண்டாம் விடுங்கோ. வேலிச் சண்டையை ஊரோட விட்டிட்டு வந்தனாங்கள்" என்று அம்மா தடுத்தார். பிறகு குப்பையில் போடலாம் என்று விட்டேன், விட்டதை மறந்தும் போனேன்.

அந்தக் கோடையில் மழை எங்களைக் கைவிட்டுவிட்டது. வீட்டுத் தோட்டத்துக்கு ஹோஸ் பிடிக்கக் கூடாது என்றார்கள். பின்பக்கத்தில் என் பயற்றங்கொடியும் கத்தரியும் மிளகாயும் தலை தொங்கி நிற்க, நான் குளித்த தண்ணீரையும் அம்மா அரிசி கழுவிய தண்ணீரையும் வாளியில் சேர்த்துச் சுமந்தேன். பூசணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கடன்காரனைப் பார்ப்பதுபோல் இருந்தது. அப்படி ஒரு மத்தியானம் லெட்டர் பாக்ஸைத் திறக்கப் போனபோது, சூடு தாங்காமல் கால் சுடும் அந்தச் சிவப்புக் கல்லின் மேல் இந்தக் கொத்தைக் கண்டேன். சாகவில்லை. வாடக்கூட இல்லை. தண்டுகள் முழங்கை மடித்ததுபோல் வளைந்து, தரைப் பக்கமிருந்த தலையை மேலே தூக்கியிருந்தன. இலைகள் கொழுத்து, நீலம் கலந்த பச்சையில் இருந்தன. பக்கத்தில் குந்திப் பார்த்தேன். ஓரத்து வேர் ஒன்று இரண்டு கல்லுக்கு நடுவே இறங்கியிருந்தது. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் இருக்கிறான் என்பார்கள். தேரையைப் பற்றி எனக்குத் தெரியாது. இந்தச் செடிக்கு யார் படியளந்தது என்று அறிய ஆசை வந்துவிட்டது.

இங்கே கோடை முடிகிற மாசியில் அது மொட்டு வைத்தது. சின்னச் சின்னப் பச்சை மணிகள் தட்டையாகச் சேர்ந்த கொத்து. நம்முடைய ஆட்கள் புது இலை ஒன்றைக் கண்டால் முதலில் கேட்கும் கேள்வி உனக்குத் தெரியும். அம்மாவும் அதையே கேட்டார். "இஞ்சாருங்கோ, இது புரொக்கோலி மாதிரிக் கிடக்கு. வறை வறுக்கலாமோ எண்டு ஒருக்கால் ஆரையும் கேட்டுப் பாருங்கோ." நான், "ஆரிட்டைக் கேக்கிறது? டிகர்காரனிட்டையோ?" என்றேன். நல்லவேளை, அந்த ஞாயிறு நீயும் சுகன்யாவும் வந்தீர்கள். சுகன்யா போனைச் செடிக்கு நேரே பிடித்துவிட்டு, "ஐயோ அத்தை, இது சமைக்கிற செடி இல்லைங்க. ஸ்டோன்கிராப்னு போட்டிருக்கு. இலைக்குள்ளயே தண்ணிய சேத்து வச்சுக்குமாம். மாமா, நீங்க ஒண்ணும் பண்ணாம சும்மா விட்டாலே போதும்" என்றாள். இந்த வளவில் எதையுமே ஒன்றும் பண்ணாமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை என்பது பாவம் அவளுக்குத் தெரியாது.

சும்மா விடுவேனா? கொத்தை இரண்டாகப் பிளந்தேன். ஒரு பாதியைக் கல்லிலேயே விட்டேன். மற்றப் பாதியைப் பின்பக்கத்தில், கத்தரி நிற்கிற மிக நல்ல இடத்தில் நட்டு, ஆட்டெரு உருண்டைகள் போட்டு, அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றினேன். வீட்டுக்கு வந்தவனுக்கு முதலில் சாப்பாடு போடுகிற சாதி நாம், செடி வந்தால் மட்டும் விடுவோமா? அது அடுத்த கோடையில் மளமளவென்று என் இடுப்பளவுக்கு வளர்ந்தது. பார்க்கப் பெருமையாக இருந்தது. பூக்கும் காலம் வந்ததும் தன் பாரம் தனக்கே தாங்காமல் நடுவில் பிளந்து நாலு பக்கமும் சாய்ந்தது. குளிர்காலத்து மழையில் களிமண் தண்ணீரைப் பிடித்துவைக்க, அடி அழுகிக் கையோடு வந்துவிட்டது. கல்லில் கிடந்த பட்டினிப் பாதியோ முழங்கால் உயரத்தில் நிமிர்ந்து நின்று பூத்தது. குளிரில் மேலெல்லாம் காய்ந்தாலும் அடியில் பச்சை மொட்டுகள் சின்னக் கோவா, அதுதான் சுகன்யாவின் முட்டைக்கோஸ், போல இறுக மூடிக்கொண்டு காத்திருந்தன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அதை எனக்குச் சொல்ல ஒரு செடி வேலி தாண்டி வர வேண்டியிருந்தது. உனக்கும் ஒன்று சொல்கிறேன். யாருக்கும் எதையும் ஊற்றுவதற்கு முன் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேள். சுகன்யாவிடமும் கேள். நாங்கள் கேட்கப் பழகாத குடும்பம்.

அதன்பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றே அம்மா எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். ஒரு இலையைக் கிள்ளிச் சீமெந்தில் வைத்தேன், வேர் விட்டது. ஒன்றை யன்னல் விளிம்பில் வைத்து மறந்தேன், அங்கேயும் வேர் விட்டது. கார்த்திகையில், அதாவது இங்கே கோடை தொடங்குகிற நேரத்தில், தண்டுகளைப் பாதியாக வெட்டிவிட்டால் செடி குட்டையாகக் கிளைத்து, கொஞ்சம் பிந்திப் பூக்கிறது, சாய்வதும் இல்லை. வெட்டிய தண்டுகளையும் கல்லில் குத்திவிட்டேன். தண்ணீர் ஊற்றாமல் இருக்கத்தான் பட்டபாடு. கை அரித்தது. வேர் வந்துவிட்டதா என்று காலையும் மாலையும் இழுத்துப் பார்த்தேன். நீ சின்ன வயதில் பயற்றங்கொட்டையை ஊன்றிவிட்டு, பள்ளியால் வந்ததும் வராததுமாகத் தோண்டிப் பார்ப்பாய். "அதை நிம்மதியா விடடா" என்று நான் கத்துவேன். ஒருநாள் நீ அழுதுகொண்டு, "பட் ஹவ் வில் ஐ நோ?" என்று கேட்டாய். இந்த முறை நான் தண்டை இழுத்துப் பார்ப்பதை அம்மா குசினி யன்னலால் கண்டுவிட்டு, "அப்ப அந்தப் பிள்ளையை அந்த ஏச்சு ஏசினியள், இப்ப நீங்கள் என்ன செய்யிறியள்?" என்று கேட்டார். இழுத்த தண்டைத் திருப்பிக் கல்லிலேயே குத்தினேன்.

போன வருடம் நீ ரிவர்ஸ் எடுத்தபோது உன் கார் கல்லில் ஏறி, இதே இனத்தில் நான் புதிதாக நட்ட படர்கிற சாதியை நசுக்கிவிட்டது. "சொறி அப்பா, நான் காணேல்ல, ஐ ரியலி டிடின்ட் சீ இட்" என்று நீ முகம் வெளிறி நின்றாய். நான் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனேன், நீ நான் கோபம் என்று நினைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாய். உண்மையில் நான் கண்ணாடி எடுக்கத்தான் போனேன். நொறுங்கிய துண்டுகளுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. வெளியே வரும்போது நீ இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் துண்டுக்கு ஒரு செடி. இன்று டிரைவ்வே நீளத்துக்கும் தரையோடு படர்ந்திருப்பது உன் டயரின் வேலைதான். இதை நான் அன்றே உனக்குச் சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் சொன்னேன், அவர் உன்னிடம் சொல்வார் என்று இருந்துவிட்டேன்.

இந்த வீட்டில் அம்மா ஒரு தபாற்கந்தோர். உன் சேதி அவர் வழியாக எனக்கு வரும், என் சேதி அவர் வழியாக உனக்கு வரும். எதைக் கொடுப்பது, எதைப் பிடித்துவைப்பது என்பது அவர் விருப்பம். போன கிழமை ஹமில்டன் விஷயத்தைச் சொன்னபோது அவர் பிடித்துவைத்திருந்த பழைய சேதி ஒன்றும் கூடவே விழுந்துவிட்டது. "அவன் பின்பக்கத்தில சின்னனா ஒரு வீடு கட்டலாம் எண்டு யோசிச்சவன். வீடு கட்டுற ஆக்களோடயும் கதைச்சவன். பிறகு, அப்பாக்கு அந்தத் தோட்டம்தான் எல்லாம், நான் அதில கை வைக்க மாட்டன் எண்டு விட்டிட்டான்." எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னவன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போன கோடையில் ஒரு ஞாயிறு நீ பின்பக்கத்தில் வேலியிலிருந்து எலுமிச்சை வரை ஒரே அளவாக அடி வைத்து நடந்தாய். சுகன்யா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோடோ போனில் கதைத்துக்கொண்டு நடக்கிறாய் என்று நினைத்தேன். பிறகு என்னைக் கண்டதும் நின்று, "கார்டன் லுக்ஸ் குட், அப்பா" என்றாய். நான் வாளியோடு நின்றேன். என் மகனுக்குத் தோட்டம் பிடித்திருக்கிறது என்று எனக்கு அன்றைக்கு முழுதும் சந்தோஷம்.

இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் மெதுவாக வாசிக்கச் சொல், சுகன்யாவை. விரி என்ற இடத்து வேர்ஹவுஸில் இரவு ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் வீட்டுக்கு வருகிற காலத்தில் அந்தத் தோட்டம் எனக்குத் தேவைப்பட்டது. கூரைக்குக் கீழே இரவெல்லாம் பெட்டிகளோடு நின்றவனுக்கு, படுக்க முன் ஒரு மிளகாய்ச் செடியைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அது உண்மை, மறுக்கமாட்டேன். ஆனால் வேலையை விட்டு வருடங்களாகிவிட்டன. என் முழங்கால்கள் இரண்டும் வாளியைக் கண்டாலே முனகத் தொடங்குகின்றன. இரண்டு கோடையாக நான் அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் சுமந்தது ஏன் தெரியுமா? நீ ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பாய், வாடியிருந்தால் அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று உன் மனம் வாடும் என்பதற்காக. நீ என் தோட்டத்துக்காக உன் வீட்டைக் கட்டாமல் இருந்தாய். நான் உன் சந்தோஷத்துக்காக எனக்கு முடியாத தோட்டத்தைச் சுமந்துகொண்டிருந்தேன். இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் கதிரையில் இருந்து சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். "ரெண்டு பேரும் வாய் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் இவ்வளவு பயற்றங்காய் சமைச்சிருக்கத் தேவையில்லை" என்றார்.

ஆகவே கேள், தம்பி. ஹமில்டன் உங்களுக்கு உண்மையாகவே பிடித்திருந்தால் போங்கள், நான் மறிக்கமாட்டேன். அங்கேயும் கல் இருக்கும், ஒரு பை நிறையத் தண்டு வெட்டித் தருகிறேன். ஆனால் என் கத்தரிச் செடிக்குப் பயந்து நீங்கள் இரண்டு மணி நேரம் தள்ளிப் போகிறீர்கள் என்றால், அதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனம் இல்லை. எங்கள் ஊரில் வளவைப் பிரித்து மகளுக்குக் கொடுப்பார்கள், மகன் போகிற இடத்தில் இருந்துகொள்வான். எனக்கு மகள் இல்லை. இருந்தால் மட்டும் உனக்கு இல்லை என்றிருப்பேனா? பின்பக்கத்தை எடு. கறிவேப்பிலை தொட்டியில் நிற்கிறது, அது என்னோடு முன்னால் வரும். ஃபிஜோவா மரம் போகட்டும். ஏப்ரல் வந்தால் பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பையில் கட்டித் தெருவெல்லாம் கொடுத்து, நம்மைக் கண்டாலே அயலட்டம் கதவைச் சாத்துகிறது. எலுமிச்சை போவதுதான் கொஞ்சம் நோகும். நோகாது என்று பொய் சொல்லமாட்டேன். அதன் பழத்தில்தான் அம்மா இத்தனை வருடம் ஊறுகாய் போட்டார். ஆனால் எலுமிச்சைக்கு நான் அப்பா இல்லை.

எனக்கு என்ன மிச்சம் என்று யோசிப்பாய். அதற்காகத்தான் உன்னை டிரைவ்வே ஓரமாகக் கூட்டி வந்தேன். ஹமில்டனுக்குப் போக முதல், இந்த ஏப்ரலில் ஒரு பின்னேரம் வந்து லெட்டர் பாக்ஸ் பக்கத்தில் நின்று பார். தெருவில் எல்லாருடைய பூவும் முடிந்திருக்கும். ரோஜா களைத்திருக்கும், மற்றதெல்லாம் வெயிலில் கருகியிருக்கும். அந்த நேரம் பார்த்து இது தொடங்கும். முதலில் இளஞ்சிவப்பு, பிறகு கடும் சிவப்பு, பிறகு புதுச் செங்கல் நிறம், கடைசியில் பழைய செம்புப் பானை நிறம். கல்லின் சிவப்பும் பூவின் சிவப்பும் ஒன்றோடொன்று போட்டி போடும். தேனீக்கள் வேறு இடமில்லாமல் முழுக்க இங்கேதான் வரும். அம்மா ஒரு கொத்தை ஒடித்துச் சாமிப் படத்துக்கு வைத்தார். வாரக்கணக்காக வாடாமல் இருக்க, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பூ மாற்ற முடியவில்லை என்று அதற்கும் ஒரு குறை சொன்னார். வாய்க்கு உதவாத செடிக்கு எவன் தண்ணீர் ஊற்றுவான் என்று வாழ்நாள் முழுதும் சொல்லித் திரிந்தவன் நான். இது வாய்க்கும் உதவவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை. ஆனாலும் காலையில் எழும்பியதும் முதலில் இதைத்தான் போய்ப் பார்க்கிறேன். கல்லுக்குள்ளிருந்து இந்த நிறம் எப்படி வருகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வாளி தூக்காமல், குனியாமல், ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்திருக்கலாம். என் வயதுக்கு அது தாராளம்.

வருவதை அம்மாவுக்குச் சொல்லாதே. இந்த ஒரு தடவை எனக்கு நேரே போன் எடு. பயப்படாதே, நான் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிடமாட்டேன். அத்திவாரக் கல் வைக்க நல்ல நேரம் பார்ப்பதை அம்மாவிடமும் சுகன்யாவின் அம்மாவிடமும் விட்டுவிடு. அவர்கள் இருவரும் அதில் ஒத்துவர ஒரு வருடம் ஆகலாம், அதுவரை நாம் இருவரும் டிரைவ்வேயில் நிற்போம். லொறி என் செடிகள் மேல் ஏறுமே என்று கவலைப்படாதே. ஏறட்டும், உன் கார் ஏறியதற்கே அத்தனை முளைத்தது. டிகர்காரனிடம் மட்டும் ஒன்று சொல்லிவை. தோண்டும்போது வேரோடு வருகிற எதையும் குப்பையில் கொட்ட வேண்டாம், என் கல்லுப் பக்கம் எறியச் சொல். எது பிழைக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

அப்பா